மாங்கா என்று சொன்னால் போதுமா?

கிளைக் கூட்டமொன்றுக்காகக் கூட்டேரிப்பட்டுக்குச் சென்றிருந்தோம். திண்டிவனத்தைத் தாண்டி விழுப்புரம் நோக்கி நெடுஞ்சாலையிலே போகிறவர்கள் அறிந்த ஊர்தான். மயிலத்துக்குச் சாலை பிரிகிற இடம். லாரிகளும் பேருந்துகளும் ஓயாமல் இரைகிற அந்தச் சாலையை விட்டுச் சற்று உள்ளே நடந்தால் மல்லாட்டை பிடுங்கிய கொல்லைகள். கூட்டம் தொடங்க இன்னும் நேரமிருந்தது. ஒரு கொல்லையிலே பத்துப் பதினைந்து சிறுவர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். வரப்பிலே நின்று பார்த்தோம்.

சவுக்குக் கழி மூன்றை நட்டு வைத்திருந்தார்கள். ஏழாவதோ எட்டாவதோ படிக்கும் வயதுப் பையன் ஒருவன், ஒல்லி உடம்பு, செருப்பில்லாத கால், ஓடி வந்து பந்தை விட்டான். நடுக்கழி சாய்ந்தது. மட்டை பிடித்தவன் நகரவில்லை. "மாங்கா! மாங்கா!" என்று சுற்றி நின்றவர்கள் கத்தினார்கள். "இல்லடா, நேராத்தான் போட்டேன்" என்று அவன் வாதாடினான். வயதில் மூத்த ஒருவன் தீர்ப்புச் சொன்னான்: "இனிமே உனக்கு பவுலிங் கெடையாது. போய் அந்தக் கோடியில நில்லு." பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோடிக்குப் போய் நின்றான்.

பந்தை வீசாமல் எறிவதைத்தான் நம் பிள்ளைகள் மாங்கா என்கிறார்கள். மாங்காய்க்குக் கல் எறிகிற கை அது. சொல் சரியான சொல். நாம் அந்த மூத்தவனை அழைத்து, "தம்பி, எப்படிப் போட்டால் மாங்கா, எப்படிப் போட்டால் மாங்கா இல்லை?" என்று கேட்டோம். "கை வளையக் கூடாதுணா" என்றான். "வளைந்த கை வளைந்தபடியே வந்தால்?" என்றோம். விழித்தான். அங்கிருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. "பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லையா?" என்றோம். சிரித்தார்கள்! "பீ.டி. பீரியடுல கணக்கு நடக்கும்ணா" என்றான் ஒருவன். "ஆனா அதுக்கும் ஏ கிரேடு போட்டுடுவாங்க" என்றான் இன்னொருவன்.

எந்தப் பள்ளி என்று நாம் எழுதப் போவதில்லை. ஒரு பள்ளியின் குறையாக இருந்தால் அந்தத் தலைமையாசிரியரிடமே பேசிவிட்டு வந்திருப்போம். ஊர் ஊராகச் சென்று வருகிற தோழர்கள் எல்லோரும் இதே கதையைத்தான் சொல்லுகிறார்கள். சொல்லித் தராத ஒன்றுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். அது எந்தக் கணக்கிலே சேர்த்தி?

சிலர் முகம் சுளிப்பார்கள். விலைவாசி ஏறுகிறது, வேலையில்லாத் திண்டாட்டம் இருக்கிறது, இந்த ஏட்டிலே பந்து வீசுவது பற்றியா எழுதுவது என்பார்கள். எழுதத்தான் வேண்டும். பாட்டாளியின் பிள்ளைக்குச் சேர வேண்டிய ஒரு பாடம் திருடப்படுகிறது. அரிசியில் கல் கலந்தால் கேட்கிற நாம் இதைக் கேட்கக் கூடாதா?

முதலில் விதியைச் சொல்லிவிடுவோம். தோழர்களே கூடப் பலர் தவறாகத்தான் சொல்லுகிறார்கள். கை வளைந்திருப்பது குற்றமே இல்லை. பந்து வீசச் சுழன்று வரும் கை தோள் மட்டத்துக்கு வந்த நேரத்திலிருந்து பந்து விரலை விட்டுப் போகிற வரையில், மடங்கியிருந்த முழங்கை நிமிரக் கூடாது. நிமிர்ந்தால் அது எறிதல். சர்வதேச ஆட்டங்களிலே 2005 முதல் 15 பாகை வரை நிமிர விட்டுவிடுகிறார்கள். அதைக் கண்ணால் அளக்க முடியாது, அதற்குச் சோதனைக் கூடங்கள் இருக்கின்றன. கொல்லையிலே சோதனைக் கூடம் இல்லை. ஆனால் பக்கவாட்டில் நின்று கவனித்துப் பார்க்கிற ஓர் ஆசிரியரின் கண் போதும், பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கை வீசுகிறதா எறிகிறதா என்று சொல்ல.

எறிவது மனிதனுக்கு இயல்பாக வருகிறது. நாய்க்குக் கல் எறியவும் மாங்காய்க்குக் கல் எறியவும் யாரும் பாடம் எடுப்பதில்லை. மட்டையைக் கையிலே கொடுத்தால் குழந்தைகூட எதையாவது அடிக்கும். முழங்கையை நிமிர்த்தாமல் தலைக்கு மேலே கையைச் சுழற்றி, ஓட்டத்தையும் நிறுத்தாமல், குறிப்பிட்ட இடத்திலே பந்தைக் குத்த வைப்பதோ, யாராவது காட்டினால் ஒழியப் பலருக்கு வருவதில்லை. கிரிக்கெட்டிலே பள்ளிக்கூடம் அவசியமாகத் தேவைப்படுகிற வேலை ஒன்று உண்டென்றால் அது பந்து வீச்சுதான். பத்து வயதிலிருந்து பதின்மூன்று வயதுக்குள் கை ஒரு பழக்கத்துக்கு வந்துவிடும். பிறகு திருத்துவது எத்தனை பாடு என்பதற்குச் சேலம் மாவட்டத்திலே சாட்சி இருக்கிறது.

சின்னப்பம்பட்டி நடராசனை அறியாதவர் யார்? 1991-இல் பிறந்தவர். தந்தை தறிக்கூடத் தொழிலாளி. தாய் சாலையோரம் கடை போட்டு விற்றவர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். இருபது வயது வரையில் டென்னிஸ் பந்திலே ஆடியவர். சென்னைக்கு வந்து, சங்க ஆட்டங்களிலே ஏறி, 2015 சனவரியிலே ரஞ்சிக் கோப்பையில் தமிழ்நாட்டு அணிக்கு முதன்முதலாக ஆடினார். ஆடியவுடனே அவர் கையின் மீது ஐயம் எழுப்பப்பட்டது. எறிகிறார் என்றார்கள்! இருபத்துமூன்று வயதிலே, ஊரும் குடும்பமும் தன்னையே எதிர்பார்த்துக்கொண்டிருந்த வேளையிலே, ஓரமாக நிற்க வேண்டியதாயிற்று. பயிற்சியாளர்களோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து, கையை முதலிலிருந்து மாற்றிக்கொண்டு திரும்பினார். 2017-இல் ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடி ரூபாய்க்கு எடுக்கப்பட்டார். 2020 டிசம்பரிலும் 2021 சனவரியிலுமாக, ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். அப்படி ஆன முதல் இந்தியர் அவர்தான்.

இதைச் சொல்லிக் கைதட்டிவிட்டுப் போகிறார்கள். நாமும் கைதட்டினோம். ஆனால் இதிலே ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. இருபத்துமூன்று வயதிலே கண்டுபிடிக்கப்பட்ட அந்தக் கை, பன்னிரண்டு வயதிலே யாராலும் பார்க்கப்படவில்லையா? அவர் பிடிவாதக்காரர், வழிகாட்டியும் அமைந்தார், திரும்பி வந்தார். திரும்பி வராதவர்கள் எத்தனை பேர்? கூட்டேரிப்பட்டுக் கொல்லையிலே கோடிக்கு அனுப்பப்பட்ட பையன் அவர்களில் ஒருவனாகத்தானே போவான்!

பள்ளிக்கூடத்து ஆசிரியரின் கண் என்ன செய்யும் என்பதற்கு மறுபக்கச் சாட்சி கண்டியிலே உண்டு. முத்தையா முரளிதரன். தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகத் தென்னாட்டிலிருந்து போனவரின் பேரன். கண்டி புனித அந்தோணியார் கல்லூரியிலே படித்தபோது வேகப் பந்துதான் வீசிக்கொண்டிருந்தார். பள்ளிப் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ, பதினான்கு வயதளவில் அவரைச் சுழற்பந்துக்கு மாற்றினார். அந்த ஒரு சொல்லின் விளைவு டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகள். அந்தக் கையோ பிறவியிலேயே முழுக்க நிமிராத கை. 1995-இல் மெல்போர்னிலே, நடுவர் டேரல் ஹேர் ஒரே நாளில் அவரை ஏழு முறை எறிகிறார் என்று அறிவித்து அவமானப்படுத்தினார். சோதனைக்கு மேல் சோதனை செய்து பார்த்த பிறகே உலகம் ஒப்புக்கொண்டது. பிள்ளையின் கையை நீட்டிப் பார்க்காமல், அது எவ்வளவு நிமிரும் என்று தெரிந்துகொள்ளாமல், மாங்கா என்று சொல்லிவிடக் கூடாது. இது ஆசிரியருக்கும் சேர்த்துத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மட்டையும் காலுறையும் கையுறையும் காசு. பந்து வீசுகிறவனுக்கு வேண்டியது ஒரு பந்து. இங்கிலாந்திலேயே நெடுங்காலம் சீமான்கள் மட்டை பிடித்தார்கள்; சம்பளத்துக்கு ஆடியவர்களில் பந்து வீசிக் களைத்தவர்களே மிகுதி. சம்பளம் வாங்காத கனவான்கள் ஓர் அணி, சம்பளக்காரர்கள் ஓர் அணி என்று பிரித்து ஆடியதே 1962 வரை நடந்தது! நம் நாட்டிலே பல்வங்கர் பாலு இருந்தார். தாழ்த்தப்பட்ட குலத்திலே பிறந்தவர். பூனாவில் வெள்ளைக்காரர் சங்கத்து மைதானத்தைச் சீர்செய்யும் வேலை. அவர்களுடைய பயிற்சிக்கு மணிக்கணக்கில் பந்து வீசும் வேலை. மட்டையை மட்டும் அவர் கையிலே கொடுக்கவில்லை. வீசி வீசியே இடக்கைச் சுழலில் வல்லவரானார். பூனா இந்துக்கள் அணி அவருடைய வீச்சை ஏற்றுக்கொண்டது. தேநீரை மட்டும் வெளியே வைத்து மண்குவளையில் தந்தது. 1911-இல் இங்கிலாந்துக்குச் சென்ற அணியிலே அவர் எடுத்த விக்கெட்டுகள் 114. ஆனாலும் இந்துக்கள் அணிக்கு அவரைத் தலைவராக்க மனம் வரவில்லை.

இந்தக் கதையை நாம் ஏன் இழுக்கிறோம்? ஊர்த்தெருவுக்கு ஓர் அணி, காலனிக்கு ஓர் அணி என்று இன்றைக்கும் ஆடுகிற ஊர்கள் நம் பக்கத்திலே இல்லையா? மாரியம்மன் திருவிழாவையொட்டி நடக்கும் போட்டியிலே யாரோடு யார் ஆடுவது என்று கைகலப்பு வரையில் போனதைப் பார்த்த தோழர்கள் இருக்கிறார்கள். அந்த இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒரே பந்தைக் கையிலே வாங்குகிற இடம் பள்ளிக்கூடம் ஒன்றுதான். அந்த ஒரு பீரியடையும் கணக்குக்குக் கொடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? கணக்கின் மீது நமக்குப் பகையில்லை. ஆனால் கணக்கு ஆசிரியருக்கு வாரம் முழுவதும் நேரம் இருக்கிறது.

பெண் பிள்ளைகளுக்கோ இது இன்னும் பெரிய இழப்பு. பையனுக்காவது கொல்லை இருக்கிறது. பெண் பிள்ளை கொல்லையிலே போய்ப் பந்து வீசினால் வீட்டிலே விடுகிறார்களா? அவளுக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு மைதானமே கிடையாது. வங்காளத்துச் சிற்றூரான சக்தாவிலிருந்து ரயிலேறிக் கல்கத்தாவுக்குப் போய்ப் பந்து வீசக் கற்ற சூலன் கோசுவாமி, 2022-இல் ஓய்வு பெறும்போது ஒருநாள் ஆட்டங்களில் 255 விக்கெட்டுகள் எடுத்திருந்தார். மயிலம் ஒன்றியத்துப் பெண் பிள்ளை எந்த ரயிலேறிப் போவாள்?

சரி, சட்டம் என்ன சொல்லுகிறது? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் படியுங்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுக் கருவிகள் தர வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. உடற்கல்விக்கு ஆசிரியர்? ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் பகுதி நேரப் பயிற்றுநர் ஒருவர்! நூறுக்குக் கீழே இருந்தால் அந்தப் பேச்சே இல்லை. சிற்றூர் நடுநிலைப் பள்ளிகளிலே அந்த மூன்று வகுப்புக்கும் சேர்த்து நூறு பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? ஊர் சிறியது என்பதற்காக அங்கே பிறந்த பிள்ளையின் உடம்பும் சிறிய உடம்பா?

நம் மாநிலத்திலே 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல் முதலிய பாடங்களுக்காகப் பகுதி நேர ஆசிரியர்கள் 16,549 பேரை நியமித்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள். மாதச் சம்பளம் 5,000 ரூபாய். அதன் பிறகு சிறிது சிறிதாகக் கூட்டினார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையிலே எத்தனை முறை உட்கார்ந்தார்கள் என்பது தொழிற்சங்கத் தோழர்களுக்குத் தெரியும். வாரத்திலே மூன்று அரை நாள் வருகிற மனிதரை வைத்துக்கொண்டு ஒரு பள்ளியின் எல்லா வகுப்புக்கும் பந்து வீச்சு சொல்லிக்கொடு என்றால் அது அவர் மீது ஏறி உட்காருவதாகும். அந்த ஆசிரியரின் கோரிக்கையும் பிள்ளையின் கோரிக்கையும் ஒன்றுதான். ஆட்சியிலே யார் இருந்தாலும் இதைக் கேட்போம். நமக்கு வேண்டியவர்கள் இருந்தால் இன்னும் சத்தமாகக் கேட்போம்.

இனி, சொல்லித் தருவது எப்படி என்று பார்ப்போம். பெரிய செலவு என்று அதிகாரிகள் கையை விரிப்பார்கள். அதற்காகவே இதை விரிவாக எழுதுகிறோம். வகுப்பிலே நாற்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். எட்டு டென்னிஸ் பந்து, கொஞ்சம் சுண்ணாம்புத் தூள், எட்டுக் கோணிச் சாக்கு. ஐந்து ஐந்து பேராகப் பிரித்துவிட வேண்டும். ஒருவர் வீசுவார், ஒருவர் பக்கவாட்டில் நின்று முழங்கையை மட்டும் பார்ப்பார், ஒருவர் கோட்டருகே நின்று காலை மட்டும் பார்ப்பார், ஒருவர் பந்து எங்கே குத்துகிறது என்று குறிப்பார், ஒருவர் பந்தைப் பொறுக்கித் தருவார். ஆறு பந்துக்கு ஒரு முறை இடம் மாறுவார்கள். பார்க்கிற பிள்ளை வீசுகிற பிள்ளையைவிட அதிகம் கற்றுக்கொள்ளும்.

முதல் வாரம் ஓட்டமே கூடாது. ஒரு முழங்காலை ஊன்றி நின்று வீசச் சொல்ல வேண்டும். கால் குழப்பம் இல்லாமல் கை மட்டும் தெரியும். கிணற்றுக் கப்பி சுற்றுகிற மாதிரி கை காதை ஒட்டி மேலே வந்து இறங்க வேண்டும். பிறகு பக்கவாட்டில் நின்று, மற்றொரு கையை மேலே தூக்கி, அந்தக் கை இறங்க இந்தக் கை ஏற வீசுவது. பிறகு ஓரடி நடந்து. பிறகு மூன்றடி. கடைசியிலேதான் ஓட்டம். அதையும் ஆசிரியர் அளந்து கொடுக்க வேண்டியதில்லை. கோட்டிலே நின்று எதிர்ப்பக்கமாக ஓடி, இயல்பாகக் கை சுழன்று பந்து விடுபடுகிற இடத்திலே ஒரு குறி போட்டால், அதுதான் அந்தப் பிள்ளை ஓடத் தொடங்க வேண்டிய இடம். ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் இடம்.

22 கஜத்துக்கு வீசு என்று பதினோரு வயதுப் பிள்ளையிடம் சொல்வதுதான் பாதி மாங்காவுக்குக் காரணம். எட்டாத தூரத்துக்கு எட்ட வைக்கக் கை தானாக எறியத் தொடங்கும். ஆஸ்திரேலியாவிலே சிறுவருக்கு முதல் கட்டத்தில் 16 மீட்டர், அடுத்த கட்டத்தில் 18 மீட்டர் என்று ஆடுகளத்தையே குறுக்கிவிட்டார்கள். நம் பிள்ளைகள் பெரியவர்கள் நட்ட கழிக்கு வீசித் தோளை இழுத்துக்கொள்கிறார்கள். நன்றாக வீசுகிறவன் கிடைத்துவிட்டால் பொழுது சாயும் வரை அவனையே வீசச் சொல்லுவதும் வழக்கம். வளர்கிற முதுகெலும்பு அதைத் தாங்காது. 13 வயது வரை வேகப் பந்து வீசுகிறவனுக்கு ஒரு மூச்சில் 5 ஓவர், நாளொன்றுக்கு 10 ஓவர், அதற்கு மேல் கூடாது என்று இங்கிலாந்து வாரியம் வரம்பு கட்டியிருக்கிறது. நம் பிள்ளையின் முதுகும் முதுகுதான்.

மதிப்பெண் பற்றிச் சொல்ல வந்தோம். 2012–13 முதல் நம் மாநிலத்திலே எட்டாம் வகுப்பு வரை முப்பருவமும் தொடர் மதிப்பீடும் கொண்டு வந்தார்கள். உடற்கல்விக்கும் அதிலே இடம் தந்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் தொடர்ந்து பார்த்தால்தானே தொடர் மதிப்பீடு? எவன் அதிக விக்கெட் எடுத்தான், எவன் வேகமாக வீசினான் என்று பார்த்துப் போட்டாலும் தவறு. அது உயரத்துக்கும் சோற்றுக்கும் போடுகிற மதிப்பெண். வீட்டிலே முட்டை தின்னும் பிள்ளை முந்திக்கொள்ளும். பருவத்தின் முதல் வாரத்திலே ஆறு பந்து வீசச் செய்து எழுதி வைக்க வேண்டும். கடைசி வாரத்திலே ஆறு பந்து. முழங்கை ஆறு முறையும் ஒழுங்காக வந்ததா? ஒரே இடத்திலிருந்து ஓடி வந்து கோட்டுக்குள் கால் ஊன்றினாளா? விரித்த சாக்கின் மீது எத்தனை பந்து குத்தியது? அடுத்தவன் வீசும்போது பிழை எங்கே என்று சொல்லத் தெரிகிறதா? அந்தக் கடைசிக் கேள்விக்கு நாமாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் கொடுப்போம். முதல் வாரம் சாக்கிலே ஒன்று, கடைசி வாரம் மூன்று என்றால் அந்தப் பிள்ளை படித்திருக்கிறது. முதலிலும் ஐந்து கடைசியிலும் ஐந்து என்றால், ஊரே புகழ்ந்தாலும், அந்தப் பருவத்திலே அவனுக்குப் பள்ளிக்கூடம் ஒன்றும் தரவில்லை என்று பொருள்.

சீமான்களின் ஆட்டத்துக்கு ஏன் இத்தனை பரிவு, சடுகுடு இல்லையா என்று மூத்த தோழர் ஒருவர் நம்மைக் கேட்டார். சடுகுடுவும் சொல்லித் தரட்டும். ஆனால் கொல்லையிலே பிள்ளைகள் கையிலெடுத்திருப்பது பந்து. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேறொன்றைத் திணிக்க நாம் யார்? இன்னொரு தோழர், எல்லோரும் நடராசன் ஆக முடியுமா என்றார். ஆக முடியாது. ஆகவும் வேண்டாம். எட்டாம் வகுப்புக் கணக்குப் படிக்கிறவர்கள் எல்லோரும் இராமானுசன் ஆகிறார்களா?

ஒன்று செய்யலாம். பள்ளி மேலாண்மைக் குழுவிலே முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். அதே கல்வி உரிமைச் சட்டம்தான் இதையும் சொல்லுகிறது. நம் தோழர்களின் இல்லத்தார் பலர் அந்தக் குழுக்களிலே இருக்கிறார்கள். கூலி வேலைக்குப் போகிற நாளிலே கூட்டம் வைத்தால் போகாமல் விட்டுவிடுகிறார்கள். கையெழுத்து மட்டும் வீடு தேடி வருகிறது. அடுத்த கூட்டத்துக்கு அரை நாள் கூலி போனாலும் போய் உட்காருங்கள். நேர அட்டவணையைக் கேளுங்கள். உடற்கல்வி என்று எழுதிய பீரியடிலே சென்ற வாரம் என்ன நடந்தது, யார் எடுத்தார்கள், மதிப்பெண்ணை எதைப் பார்த்துப் போட்டார்கள் என்று கேளுங்கள். ஆசிரியரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்; அவருக்கும் ஆள் பற்றாக்குறை. குழுவின் தீர்மானமாக எழுதி, வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பி, நகல் ஒன்றை நமக்கும் அனுப்புங்கள். சாக்குக்கும் சுண்ணாம்புக்கும் காத்திருக்க வேண்டாம். கூட்டேரிப்பட்டுக் கிளைத் தோழர்கள் அன்றைக்கே எட்டுச் சாக்கு எடுத்துத் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். கூட்டம் முடிந்து திரும்பும்போது இருட்டிவிட்டது. கொல்லையிலே கழிகள் மட்டும் நின்றுகொண்டிருந்தன.